ஒரு ராத்திரி ரிசார்ட்டும் மாப்பிள்ளைக்குத் தேய்த்த கார்டும்

கேள்வி: கிருஷ்ணகிரியில் இருந்து தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போய் வருகிறேன். கையில் வருவது 48,000. மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, அவருக்கு 16,000. ஆகஸ்டில் எங்கள் பதினைந்தாவது கல்யாண நாள். தளி பக்கம் உள்ள ஒரு ரிசார்ட்டில் ஒரு ராத்திரி தங்கி, ஸ்பாவுக்கும் போக வேண்டும் என்று மனைவிக்கு ரொம்ப நாளாக ஆசை. அறை 14,000, இருவருக்கும் ஸ்பா 8,000. சாப்பாடு, வரி எல்லாம் சேர்த்தால் 30,000 வந்துவிடும். கார்டில் தேய்த்து இஎம்ஐ போட்டுக்கொள்ளலாமா? இல்லை, 3.6 லட்சத்துக்கு 25 வருட ஹாலிடே மெம்பர்ஷிப் எடுத்துவிடலாமா? வருடச் சந்தா 18,000. அதற்கு 5,000 டோக்கன் கொடுத்துவிட்டேன். கார்டில் ஏற்கெனவே 1,10,000 பாக்கி இருக்கிறது. தங்கை வீட்டுக்காரருக்கு மோட்டார், ஃப்ரிட்ஜ், போன் வாங்கிக் கொடுத்ததுதான் அதில் பெரும்பகுதி. மாங்காய் சீசன் முடிந்ததும் தருகிறேன் என்கிறார். நான் மாதம் 6,000 கட்டி வருகிறேன். வீட்டில் எட்டு பவுன் நகை உண்டு. மாப்பிள்ளை கேட்டால் மறுக்க முடியவில்லை.

பதில்: ரிசார்ட்டில் ஆரம்பித்து, முக்கியமான விஷயத்தைக் கடிதத்தின் கடைசியில் கொண்டுபோய் வைத்திருக்கிறீர்கள். நான் அங்கிருந்தே வருகிறேன்.

கார்டு பாக்கிக்கு மாதம் 3.5% வட்டி என்று வையுங்கள். 1,10,000க்கு 3,850. அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி வேறு; ஏறக்குறைய 4,540 ஆகிவிட்டது. நீங்கள் கட்டும் 6,000ல் அசலுக்குப் போவது 1,460 மட்டும். இப்படியே ஒரு வருடம் ஓட்டினால் 72,000 கட்டியிருப்பீர்கள், பாக்கி 22,000தான் குறைந்திருக்கும். மீதி 50,000 வங்கிக்கு. ரிசார்ட்டுக்கு 30,000 ஆகுமே என்று கவலைப்படுகிறீர்கள். அதைவிடப் பெரிய தொகை எந்தக் கல்யாண நாளும் கொண்டாடாமலே இந்த ஒரு வருடத்தில் போகப் போகிறது. இனி ஒரு ரூபாய்கூடத் தேய்க்காமல் இருந்தாலும் கடன் முடிய 35 மாதம் ஆகும்.

இன்னொன்று. பாக்கி வைத்திருக்கும் கார்டில் புதிதாகத் தேய்த்தால் வட்டியில்லாத நாட்கள் கிடையாது. தேய்த்த நாளிலிருந்தே வட்டி ஓடும். அந்த 30,000 மாதம் 1,200க்கு மேல் தின்னும். இஎம்ஐ ஆக மாற்றினால் வட்டி விகிதம் குறையும், உண்மைதான். ஆனால் செயல்பாட்டுக் கட்டணம், வட்டி மேல் ஜிஎஸ்டி என்று அதற்கும் வால் உண்டு. பழைய பாக்கி அப்படியே நிற்கும்போது அதன் மேல் இன்னொரு தவணையா? வேண்டாம்.

செய்ய வேண்டியது இதுதான். எட்டு பவுனில் இரண்டு மூன்றை வங்கியில் வைத்து 1,10,000 நகைக்கடன் வாங்கி, கார்டு பாக்கியை ஒரே நாளில் அடையுங்கள். கடைவீதி அடகுக் கடைக்குப் போக வேண்டாம். வருடம் 10% வட்டி என்று வைத்தாலும், அதே 6,000ஐ மாதாமாதம் கட்டினால் இருபது மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். மொத்த வட்டி 10,000க்குள் அடங்கும். கார்டில் 35 மாதத்துக்கு அது ஒரு லட்சம். வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டி நகையைத் திருப்பி வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

நகையை வைத்துக் கார்டைக் காலி செய்தவர்கள் பலர், ஆறே மாதத்தில் கார்டையும் மறுபடி நிரப்பிக்கொண்டு இரண்டு கடனோடு வருகிறார்கள். உங்களுக்கும் அந்த ஆபத்து இருக்கிறது, மாப்பிள்ளை இருக்கிறாரே! மறுக்கக் கூச்சமாக இருந்தால் வங்கிச் செயலியில் கார்டு லிமிட்டை 20,000க்கு இறக்குங்கள், ஆன்லைன் பயன்பாட்டையும் அணைத்து வையுங்கள். அப்புறம் "கார்டில் லிமிட் இல்லை மாப்பிள்ளை" என்பது பொய்யாக இருக்காது.

அவரைக் குற்றம் சொல்லவில்லை. கார்டு ஸ்டேட்மெண்டை ஒருமுறை அவர் கையில் கொடுங்கள். இப்படி வட்டி ஓடுவது அவருக்குத் தெரியாமலே இருக்கலாம். சீசன் முடியட்டும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். பெங்களூரா மாங்காய்க்கு என்ன விலை கிடைக்கும் என்பது கூழ் ஆலைகள் எடுக்கும் அளவைப் பொறுத்தது. 2025ல் அந்த விலை எப்படி விழுந்தது என்பதை நம் மாவட்டத்தில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை. அறுவடைக்கு ஒரு பெரிய தொகை, மற்ற மாதங்களில் 2,000 என்று பேசி, தங்கையும் இருக்கும்போது ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

சரி, ரிசார்ட். போய் வாருங்கள். ஒகேனக்கல்லில் எண்ணெய் மசாஜ் சில நூறு ரூபாயில் முடிந்துவிடுமே என்று மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள். அவர் கேட்டது அது இல்லை. ஆனால் 14,000 ரூபாய் அறைதான் வேண்டுமா? ஒரு நாள் வாடகை 7,500ஐத் தாண்டினால் ஜிஎஸ்டி 18%. அதற்குள் இருந்தால், 2025 செப்டம்பர் 22 முதல் 5%தான். 14,000 அறை 16,520 ஆகும். 7,000 அறை 7,350ல் நிற்கும். தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் சனிக்கிழமை ராத்திரி பெங்களூருக் கூட்டம் வந்து விலையை ஏற்றிவிடும். செவ்வாய், புதன் என்றால் அதே இடத்திலேயே பேரம் பேசலாம். ஸ்பாவில் பேக்கேஜ் வேண்டாம், ஒரு மணி நேர மசாஜ் போதும். இப்படிப் போனால் 16,000 அல்லது 17,000க்குள் முடிக்கலாம். மாதம் 4,000 எடுத்து வைத்து ரொக்கமாகக் கட்டுங்கள்.

மெம்பர்ஷிப்பை முதலீடு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 3.6 லட்சத்தை 6.5% வைப்பில் போட்டால் வருடம் 23,400 வட்டி. சந்தா 18,000 மிச்சம். ஆக 41,400 கையில் இருக்கும், அதில் எந்த ஊரில் வேண்டுமானாலும் வருடா வருடம் தங்கலாம், அசலும் அப்படியே இருக்கும். மெம்பர்ஷிப்பில் சாப்பாட்டுக் காசு தனி, சந்தா ஏறிக்கொண்டே போகும், பள்ளி விடுமுறையில் அறை கேட்டால் இல்லை என்பார்கள்.

டோக்கன் 5,000: கையெழுத்துப் போட்ட தாளில் எத்தனை நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று இருக்கிறதா பாருங்கள். இன்றே மின்னஞ்சலில் ரத்துக் கடிதம் அனுப்புங்கள், போனில் மட்டும் சொல்லிவிட்டு விடாதீர்கள். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் புகார் பதியலாம். அதற்கும் அசையவில்லை என்றால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ரத்து உறுதியாகும் வரை அவர்கள் கூப்பிடும் எந்த "இலவச" விருந்துக்கும் போகாதீர்கள்.