வீட்டிலேயே லத்தீன்: பாடத்திட்டத்தைத் தமிழிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். லத்தீன் கற்க ஆசைப்படுகிறாள். திருநெல்வேலிப் பக்கம் எங்களுக்கு ஆசிரியர் யாரும் அமையவில்லை, எனக்கும் லத்தீன் தெரியாது. ஒழுங்கான பாடத்திட்டம் போட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்க முடியுமா?

தாராளமாக முடியும். பாளையங்கோட்டையில் என் மகனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். எனக்கும் முன்னால் தெரியாது, அவனுக்கு இரண்டு அத்தியாயம் முன்னால் படித்துக்கொண்டே போனேன்.

இணையத்தில் கிடைக்கும் பாடத்திட்டங்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலும் அவை ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்காக எழுதியவை. வேற்றுமை என்றால் என்ன என்று புரியவைக்கவே அதில் வாரக்கணக்கில் போகும். உங்கள் மகளோ அதைத் தமிழ் இலக்கணத்தில் ஏற்கெனவே படித்திருப்பாள்.

'புவெல்ல அக்வம் போர்த்தத்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். 'சிறுமி நீரைச் சுமக்கிறாள்.' சொல்லுக்குச் சொல் அதே வரிசை. 'அக்வம் புவெல்ல போர்த்தத்' என்று மாற்றினாலும் பொருள் மாறாது. நம் 'ஐ' உருபு செய்யும் வேலையை அங்கே கடைசி 'ம்' செய்கிறது. ஆகவே முதல் மாதம் ஒரே ஓர் அட்டவணை போதும். நம் எட்டு வேற்றுமைகளை ஒரு பக்கம் எழுதி, எதிரே லத்தீனின் ஆறை எழுதச் சொல்லுங்கள். எழுவாய், ஐ, கு, உடைய, விளி ஐந்தும் ஏறக்குறைய நேருக்கு நேர் பொருந்தும். ஆல், ஓடு, இலிருந்து, இல் ஆகியவை செய்யும் வேலையில் பெரும்பகுதியை மிச்சமிருக்கும் அந்த ஒரே வேற்றுமை, பல சமயம் பெயருக்கு முன்னால் வரும் ஒரு சிறு சொல்லின் (முன்னிடைச் சொல்) துணையோடு, பார்த்துக்கொள்கிறது.

இன்னொரு வசதி குறில் நெடில். லத்தீனில் 'புவெல்ல' எழுவாய், 'புவெல்லா' என்று நீட்டினால் வேறு வேற்றுமை. எ, ஏ, ஒ, ஓ வேறுபாடும் உண்டு. முதல் சில வாரம் ஒலிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொண்டால் நாக்கு சரியாகப் பழகிவிடும். உச்சரிப்பில் பழைய ரோமானிய முறை, தேவாலய முறை என இரண்டு உண்டு. ரோமானியப் பேச்சாளர் ஒருவரின் பெயரைக் கிகெரோ என்பதா சிசெரோ என்பதா என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள். நான் பழைய முறையை எடுத்தேன்.

புத்தகத்துக்கு ஓர்பெர்க் எழுதிய 'ஃபமிலியா ரோமானா'. 35 அத்தியாயங்கள், முழுக்க லத்தீனிலேயே ஒரு ரோமானியக் குடும்பத்தின் கதையாகப் போகும். ஓரத்தில் படங்களும் குறிப்புகளும் இருக்கும். இலக்கண விளக்கம் தேவைப்படும் இடத்தில் மட்டும் வீலாக்கின் லத்தீன் பாடப் புத்தகத்தைப் புரட்டுங்கள். மூன்று கல்வியாண்டுக்கு இது நிதானமாக வரும்.

வாரத்துக்கு நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரம். திங்கள்கிழமை புதுப் பகுதியைச் சத்தமாக வாசிப்பது. செவ்வாய் ஒரே ஓர் இலக்கண அட்டவணை, அதற்கு மேல் வேண்டாம். வியாழன் தமிழ் வாக்கியங்களை லத்தீனில் எழுதுவது. இதற்கென்று ஒரு லாங் சைஸ் நோட்டு போட்டுவிடுங்கள். சனிக்கிழமை பழைய அத்தியாயம் ஒன்றை மறுபடி வாசிப்பது. இந்த நான்காவது அமர்வைத்தான் எல்லோரும் முதலில் கைவிடுவார்கள், ஆனால் மொழி நிலைப்பது அதில்தான். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களில் மற்ற மூன்றையும் விட்டுவிட்டு இதை மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு, நேரத்தை அங்கேதான் கொட்ட வேண்டும். மேசைகூட அங்கே பெண்பால். நம் திணை, பால் கணக்கு செல்லாது. நமக்கு எந்தப் பெயருக்கும் ஒரே 'ஐ'. அங்கே பெயர்ச்சொல் ஐந்து கணங்களாகப் பிரிந்து ஒவ்வொன்றுக்கும் தனி விகுதி. பெயரடையும் பெயரோடு சேர்ந்து மாறும். நாம் 'வந்த பையன்' என்று பெயரெச்சத்தில் முடிப்பதை அவர்கள் தனி வாக்கியமாக ஒட்டுவார்கள். ஒன்பதாவது முதல் பதினொன்றாவது அத்தியாயம் வரை மூன்றாம் கணம் வருகிறது. அங்கே மற்ற அத்தியாயங்களைப் போல இரண்டு மடங்கு நாள் ஒதுக்குங்கள். பிள்ளை சோர்ந்துபோவது இந்த இடத்தில்தான்.

மூன்றாம் ஆண்டில் நம் மண்ணோடு தொடர்புள்ள வாசிப்பு கொடுங்கள். முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் பிளினி தன் இயற்கை வரலாற்றின் ஆறாம் நூலில் பாண்டியனையும் மதுரையையும் குறிப்பிடுகிறார். சின்னப் பகுதிதான், துணையோடு படித்துவிடலாம். அப்புறம் திருக்குறள். கோவில்பட்டிப் பக்கம் காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவர் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். சாயர்புரத்தில் இருந்த ஜி.யு. போப், தம் 1886 திருக்குறள் பதிப்பில் அதையும் சேர்த்து அச்சிட்டார். குறள் ஏற்கெனவே மனப்பாடம் என்பதால் அகராதியைப் புரட்டாமலே பாதி புரியும். என் மகன் தானாக உட்கார்ந்து படித்தது இதைத்தான்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது தொடங்காதீர்கள். ஏப்ரல், மே விடுமுறையில் முதல் நான்கு அத்தியாயங்களை முடித்துவிட்டால், பாரம் ஏறும்போது வாசிக்கும் பழக்கம் கையில் இருக்கும்.