மறுமொழி: கம்பெனி பதிவைப் பகிர்ந்தால் எனக்கு என்ன கிடைக்கும்?

ஆரல்வாய்மொழியில் காற்றாலைப் பராமரிப்பு கம்பெனியில் டெக்னீஷியனாக இருக்கிறேன், மேனேஜர் தினமும் கம்பெனி பதிவை லிங்க்ட்இன்னில் பகிரச் சொல்கிறார், இதில் எனக்கு என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

வெறுமனே ஷேர் பட்டனை அமுக்கினால் லாபம் கம்பெனிக்கு மட்டும். மேலே உங்கள் சொந்த வரி இரண்டு சேர்த்தால் கதையே வேறு. 'சீசனுக்குத் தயார்' என்று கம்பெனி ஒரு படம் போடுகிறது என்று வையுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியே சீறி வருவதற்கு முன்னால் கியர்பாக்ஸ் ஆயிலில் எதைப் பார்ப்பீர்கள், டவர் போல்ட்டின் இறுக்கத்தை ஏன் மறுபடி சோதிக்கிறீர்கள் என்று எழுதுங்கள். உங்கள் பக்கத்து முப்பந்தல் காற்றாலைப் பகுதியின் காற்றில் வேலை பார்த்த அனுபவம் சாதாரணமானதில்லை. குஜராத்தில் காற்றாலைக்கு ஆள் தேடுபவர் அதைப் படித்தால் உங்கள் பெயரைத்தான் குறித்துக்கொள்வார். வேலை மாறினாலும் அந்தப் பதிவுகள் உங்கள் கணக்கிலேயே இருக்கும். சம்பள உயர்வு கேட்கும்போதும் காட்டலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

கம்பெனியைப் புகழ்ந்தால், அங்கே வேலை பார்ப்பதைச் சொல்லிவிடுங்கள். இந்திய விளம்பரத் தர கவுன்சிலின் 2021 வழிகாட்டுதல் வேலை உறவையும் வெளிப்படுத்த வேண்டிய தொடர்பாகவே பார்க்கிறது. வாடிக்கையாளரின் டர்பைன் படம், உற்பத்திக் கணக்கு இரண்டையும் கேட்காமல் போட வேண்டாம்.

தினமும் எதற்கு? வாரம் ஒன்று போதும் என்று மேனேஜரிடம் பேசிப் பாருங்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அது சித்தி, மாமா பார்க்கிற இடம்.