யூரின் டியூப் இன்னும் வேண்டுமா என்று கேளுங்கள்

கேள்வி: 72 வயது அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து, பிளேட் வைத்து ஆபரேஷன் முடிந்தது. ஐந்து நாளாக யூரின் டியூப் போட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலேயே இன்ஃபெக்‌ஷன் வந்துவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். கூட இருக்கும் நான் என்ன செய்ய முடியும்?

பதில்: பயம் நியாயம்தான். முதலில் அந்த டியூப்பைக் கவனியுங்கள். அது உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு சுமார் 3 முதல் 7 சதவீதம் கூடுகிறது. அதனால் காலையில் ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் கேளுங்கள்: "சார், டியூப் இன்னைக்கும் வேணுமா?" தயங்காதீர்கள். அடிக்கடி எழுப்பி யூரின் பாட்டில் வைப்பது சிரமம் என்பதற்காகவே டியூப் நீடிப்பதை எத்தனையோ வார்டுகளில் பார்க்கிறேன். எடுத்த பிறகு ஆறு மணி நேரமாகியும் சிறுநீர் போகாவிட்டால் சிஸ்டரிடம் சொல்லுங்கள்.

எடுக்கும்வரை பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும், தரையில் படக் கூடாது. எக்ஸ்ரேவுக்கு ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோகும்போதுதான் கோட்டை விடுவார்கள். பையைத் தூக்கி வயிற்றின் மேல் வைத்துவிட்டால் பையில் தேங்கிய சிறுநீர் திரும்பவும் உள்ளே போகும். டியூப்பையும் பையையும் நீங்களாகக் கழற்றாதீர்கள். டியூப் வெளிவரும் இடத்தை தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும், டெட்டால் வேண்டாம்.

ட்ரிப்ஸ் ஏறும் ஊசியைச் சுற்றிச் சிவந்தாலோ, வீங்கினாலோ, வலித்தாலோ அடுத்த டோஸுக்கு முன்பே காட்டுங்கள். அப்பாவைத் தொடுமுன் சானிடைசரைக் காயும்வரை, 20 முதல் 30 வினாடி, கையில் தேய்க்க வேண்டும். பக்கத்து பெட்டில் வயிற்றுப்போக்கு என்றால் சோப்புதான். சில கிருமிகளிடம் சானிடைசர் பலிக்காது. அப்புறம், ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு இருமியபடியே வரும் சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்துங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

குளிர்க் காய்ச்சல் வந்தாலோ, திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பேசினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், டூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரும். அதே சமயம், வேறு தொந்தரவு எதுவும் இல்லாமல் சிறுநீர் கலங்கலாக இருப்பதற்காக மட்டும் ஆன்டிபயாடிக் கேட்காதீர்கள். தேவையில்லாமல் கொடுத்தால் மருந்துக்கு அடங்காத கிருமிதான் மிஞ்சும்.

உள்ளே பிளேட் இருப்பதால், வீட்டுக்குப் போன பிறகும் 90 நாள்வரை தையல் போட்ட இடத்தைப் பாருங்கள். சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, குறைந்த வலி மறுபடி கூடினாலோ மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போடாமல், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே காட்டுங்கள்.