ஹீட் (1995): ஒலியும் நடிப்பும் – கேள்வி பதில்

கே: ஹீட் படத்தில் வங்கிக் கொள்ளை முடிந்து தெருவில் நடக்கும் சண்டை மட்டும் ஏன் காதில் அறைகிறது?

ப: லாஸ் ஏஞ்சலஸ் டவுன்டவுனில் படப்பிடிப்பின்போதே பதிவான சத்தம் அது. முழு வெடிமருந்து நிரப்பிய வெற்றுத் தோட்டாக்களைச் சுட்டார்கள். முதலில் வறண்ட 'டப்'. அடுத்து எதிர்க் கட்டடத்தில் மோதித் திரும்பும் எதிரொலி. அப்புறம் தெருமுனை வரை உருண்டு போய்த் தேயும் ஒலி, அதாவது சத்தத்தின் வால். சுவர் 30 மீட்டர் தள்ளியிருந்தால் எதிரொலி வர சுமார் 0.18 நொடி ஆகும். ஸ்டூடியோ வெடிச்சத்தத்தில் ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) ஏற்றினால் எல்லா வெடிக்கும் ஒரே வால்தான். சுடுபவர் இடம் மாறினாலும் அது மாறாது. காது அதைப் பிடித்துவிடும். நடிகர் வால் கில்மர் தயங்காமல் துப்பாக்கியின் மேகசின் மாற்றுவதையும் பாருங்கள். நடிகர்களுக்குப் பயிற்சி தந்தவர்களில் பிரிட்டிஷ் சிறப்புப் படையான எஸ்.ஏ.எஸ்.-இன் முன்னாள் வீரர் ஆண்டி மக்நாப் ஒருவர்.

கே: எனக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லையே?

ப: போன் ஸ்பீக்கரில் பார்க்காதீர்கள். டிவியில் 'நைட் மோட்' இருந்தால் அணையுங்கள். வெடியை அமுக்கி, பேச்சைத் தூக்கி, இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிடும்.

கே: எந்த லென்ஸ்?

ப: என் துறை இல்லை. ஒளிப்பதிவாளர் டான்டே ஸ்பினோட்டியின் பேட்டிகளைத் தேடுங்கள்.

கே: உண்மைக் கதையா?

ப: வேர் சிகாகோவில். சக் ஆடம்சன் என்ற துப்பறிவாளர், நீல் மெக்காலி என்ற கொள்ளையனோடு நிஜமாகவே காபி குடித்தார். 1964-இல் அவனைச் சுட்டுக் கொன்றவரும் அவர்தான். படத்தில் துப்பறிவாளர் ஹானாவாகப் பாசினோ, கொள்ளையன் மெக்காலியாக டி நீரோ.

கே: காபி காட்சியில் பாசினோவும் டி நீரோவும் தனித்தனியாக நடித்தார்களாமே?

ப: இல்லை. பெவர்லி ஹில்ஸின் கேட் மான்டிலினி உணவகம், ஒரே மேஜை. இருவர் தோளுக்குப் பின்னாலும் ஒவ்வொரு கேமரா, ஒரே நேரத்தில் ஓடியது. அதனால்தான் ஒருவர் அசைவுக்கு மற்றவர் முகம் அந்தக் கணமே பதில் சொல்கிறது. பெரும்பகுதி 11-ஆவது டேக். பக்கவாட்டிலும் ஒரு கேமரா இருந்தது. அந்த ஷாட்டை இயக்குநர் மைக்கேல் மான் சேர்க்கவில்லை. வதந்தி அங்கே பிறந்தது.

கே: ஒரே ஃபிரேமில் இல்லையே, டூப்தானே?

ப: மேலே சொல்லிவிட்டேன். கடைசிக் காட்சியில் கையைப் பிடித்தபடி இருப்பவர்கள் யார்?

கே: பாசினோ ஓவர் ஆக்டிங். டி நீரோ முன்னால் நிற்கவில்லை.

ப: ஏற்க மாட்டேன். ஹானாவுக்குக் கோகெய்ன் பழக்கம் உண்டு என்று வைத்தே நடித்ததாகப் பாசினோ சொல்லியிருக்கிறார். அது படத்தில் இல்லை.

கே: படத்தில் இல்லாத காரணம் எப்படிக் கணக்கில் வரும்?

ப: சரியான கேள்வி. காரணத்தை விடுங்கள், எங்கே கத்துகிறான் என்று மட்டும் பாருங்கள். தகவல் தருபவர்களை நிலைகுலைய வைக்கக் கத்துகிறான். மெக்காலி எதிரே உட்கார்ந்ததும் குரல் இறங்கிவிடுகிறது. மிரட்டலைக்கூடத் தணிந்த குரலில் சொல்கிறான். அந்த ஏற்ற இறக்கம்தான் நடிப்பு. நைட் மோட் போட்டுப் பார்த்தால் அதுவும் போய்விடும்.