குமிழ் தாவும் சின்தசைசரை வாங்கலாமா?

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய டிஜிட்டல் சின்தசைசரை (மின்னணு இசைக்கருவி) வாங்க எண்ணியுள்ளேன். அதில் ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டர் குமிழைத் தொடாதபோதும் திரையில் எண் நடுங்குகிறது. மெனுவுக்கான குமிழை வலப்புறம் திருப்பினாலும் சில வேளைகளில் எண் குறைகிறது. ‘ஸ்பிரே அடித்தால் இரண்டும் சரியாகிவிடும்’ என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: முதல் குமிழைப் பொறுத்தவரை நம்பலாம், இரண்டாவதற்கு அந்த வாக்குறுதி போதாது. வெளியே தெரியும் பிளாஸ்டிக் மூடிகள் ஒன்றுபோல் இருந்தாலும், அவற்றின் அடியில் இருப்பவை வெவ்வேறு உறுப்புகள்.

இரு முனைகளிலும் முட்டி நிற்கும் ஃபில்டர் குமிழின் கீழே இருப்பது பொட்டென்ஷியோமீட்டர். கார்பன் தடத்தின் மீது உலோகத் தொடுமுனை ஒன்று ஏறத்தாழ 300 பாகை வரை நகர, அங்கே கிடைக்கும் மின்னழுத்தத்தைக் கருவி எண்ணாக மாற்றிக்கொள்கிறது. தடத்தில் தூசி சேர்ந்தால் எண் நடுங்கும். மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, மின்தொடுப்புகளைச் சுத்தம் செய்யும் ஸ்பிரேயான கான்டாக்ட் கிளீனரைச் சிறிதளவு உள்ளே செலுத்தி, குமிழை முனைக்கு முனை பலமுறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும். தடமே தேய்ந்திருந்தால் உறுப்பை மாற்றத்தான் வேண்டும். துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை மட்டும் அனுமதிக்காதீர்கள். அது உள்ளே தங்கித் தூசியை இழுக்கும்.

முடிவின்றிச் சுழலும் மெனு குமிழ் ரோட்டரி என்கோடர் வகை. அதன் இரண்டு தொடுப்புகளும் சிறு இடைவெளி விட்டு மூடித் திறக்கின்றன. எது முந்துகிறது என்பதை வைத்தே கருவி திசையை அறிகிறது. தேய்மானத்தால் ஒரு தொடுப்பு தவறினால் எண் தாவும், அல்லது நீங்கள் கண்டதுபோல் பின்னோக்கிப் போகும். சுத்தம் செய்தால் சில காலம் ஓடலாம்; நிலையான தீர்வு புதிய என்கோடர்தான். ஒரு சுற்றுக்கான துடிப்புகள் (24 என்பது பரவலான அளவு), தண்டின் உயரமும் வடிவமும், அழுத்தும் சுவிட்ச் ஆகிய யாவும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். உறுப்பின் விலை சொற்பம், உழைப்புதான் செலவு. பழைய என்கோடரின் கால்களைப் பிடித்திருக்கும் ஈயப்பற்றை (சால்டர்) முழுதும் உறிஞ்சாமல் அதை இழுத்தால் சர்க்யூட் போர்டின் செப்புப் பூச்சு பெயர்ந்துவிடும். எனவே அனுபவமில்லாதவர் இதில் கைவைக்காமல் இருப்பதே நல்லது.

வாங்குமுன் ஒவ்வொரு குமிழையும் மெதுவாகவும் வேகமாகவும் திருப்பிப் பாருங்கள்; பக்கவாட்டில் மெல்ல அசைத்தும் பாருங்கள். பல புதிய கருவிகளில் இவ்வுறுப்புகளை முகப்புத் தகட்டோடு நட்டு எதுவும் பிணைப்பதில்லை. போர்டிலுள்ள ஈயப்பற்று மட்டுமே தாங்குவதால், அடி பட்டால் அது விரிசல் விடும். மூடியின் ரப்பர் பூச்சு பிசுபிசுத்திருந்தால் கவலை வேண்டாம், மூடியை மட்டும் மாற்றிவிடலாம். என்கோடர் மாற்றும் கூலியை ஒரு பழுதுபார்ப்பவரிடம் கேட்டறிந்து, அந்தத் தொகையை விலையில் குறைக்க விற்பவர் இசைந்தால் மட்டும் வாங்குங்கள்.