டயரும் சாலையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஸ்கூட்டருக்குப் புது டயர் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. முதல் மழையிலேயே சறுக்கி விழுந்தேன். டயரின் பக்கவாட்டில் 1418 என்று இருக்கிறது. கடைக்காரர் அது மாடல் எண் என்கிறார். (ஈரோடு வாசகி)

பதில்: அது மாடல் எண் இல்லை, அம்மா. அந்த டயர் 2018ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் தயாரானது என்று அதற்குப் பொருள். ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் நாளாக நாளாக இறுகும். இறுகிய ரப்பருக்கு ஈரத்தில் பிடிப்புக் குறையும். விலை குறைவு என்பதற்காக நானும் ஒருமுறை தேதி பார்க்காமல் இப்படியொரு டயரை வாங்கினேன். தூறலில் வண்டி சாய்ந்து, பின்னால் அமர்ந்திருந்த என் மனைவியின் முழங்கை கிழிந்தது. அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் இன்றும் மனம் வலிக்கிறது. பில்லையும் அந்த நான்கு இலக்கங்கள் தெரியும் படத்தையும் சேர்த்துக் கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் பலனில்லை என்றால் இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்; கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: பைக்கில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருப்பதால் பட்டன் (டயரின் மேற்புற ரப்பர் மேடுகள்) தேய்ந்த டயரிலேயே இன்னும் ஆறு மாதம் ஓட்டலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: பழைய கார் டயரில் பட்டன் வெட்டி, புதிதுபோல் விற்றுவிட்டார்கள். பில் இல்லை. என்ன செய்வது?

பதில்: பில் கேட்காமல், பட்டன்களுக்கு இடையிலான பள்ளமாகிய காடியின் ஆழத்தை விரலால்கூடத் தொட்டுப் பார்க்காமல் வாங்கிவிட்டு இப்போது கேட்கிறீர்கள். காருக்கு 1.6 மில்லிமீட்டரும் இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டரும் காடி இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்குக் கீழே தேய்ந்த டயரில் மேலும் வெட்டினால், உள்ளே இருக்கும் இழை வரை கத்தி போய்விடும். முதலில் அந்த டயர்களைக் கழற்றுங்கள். பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம்.

கேள்வி: சுங்கச்சாவடியில் பணம் கட்டிப் போகும் சாலையின் வளைவில், மழையில் என் அண்ணனின் பைக் சறுக்கியது. டயர்கள் புதியவை. இடது கால் செயலிழந்துவிட்டது. கவனக்குறைவு என்று வழக்கு எழுதிவிட்டார்கள். (விழுப்புரம்)

பதில்: உங்கள் அண்ணனின் நிலை நெஞ்சை அறுக்கிறது. பல ஆண்டுகளாக நான் சொல்லிவருவதை இங்கும் சொல்கிறேன்: பிடிப்பில் பாதி டயருடையது, மறுபாதி சாலையுடையது, அந்த மறுபாதிக்கும் நாம்தான் விலை கொடுக்கிறோம். புதிதாக உடைத்த ஜல்லியைத் தொட்டால் உப்புத்தாள்போல் சொரசொரக்கும்; அந்தச் சொரசொரப்புதான் ஈரத்திலும் டயரைப் பிடித்து நிறுத்துகிறது. லாரிகள் ஓட ஓட, மென்மையான ஜல்லி கூழாங்கல்போல் மழுங்கிவிடும். தாரை அதிகமாகக் கலந்திருந்தால் வெயிலில் அது மேலே கசிந்து, ஜல்லியையே மூடிவிடும். சாலையில் குழி ஒன்றுகூட இருக்காது, கண்ணுக்கு நல்ல சாலையாகத் தெரியும், மழை பெய்ததும் ஆளை வீழ்த்தும். சாலையின் இந்தப் பிடிப்பை அளக்க முடியாது என்று யாரும் சொல்ல முடியாது: ரப்பர் பொருத்திய ஊசல் ஒன்றை நனைந்த சாலைமீது வீசி அளக்கும் எளிய கருவி பல பத்தாண்டுகளாக இருக்கிறது, பிரிட்டன் தன் முதன்மைச் சாலைகளுக்கு 1988இலேயே இதற்கென வரையறை வகுத்துவிட்டது.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198ஏ பிரிவின்படி, சாலையை உரிய தரத்தில் அமைக்காமலோ பராமரிக்காமலோ விட்டதால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, ஒப்பந்தக்காரர் உள்ளிட்ட பொறுப்பாளர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். ஒரு காலுக்கு அதிகபட்சம் ஒரு லட்சம், அதுவும் விழுந்தவர் கைக்கு வராமல் மோட்டார் வாகன விபத்து நிதியத்துக்குப் போகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனாலும் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே காவல் நிலையத்தில் மனுக் கொடுங்கள். வளைவில் சக்கரத்தடம் மட்டும் பளபளப்பது தெரியும்படி, கிலோமீட்டர் கல்லையும் சேர்த்துப் படம் எடுங்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033இல் புகாரைப் பதியுங்கள். அந்த இடத்தில் வழுக்குத்தன்மை கடைசியாக எப்போது அளக்கப்பட்டது, முடிவு என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். சாலைக்கு மறுபடி தார் போட்டுவிட்டால் தடயம் மறைந்துவிடும் என்பதால், படத்தை இந்த வாரமே எடுத்துவிடுங்கள்.