பயணக் கேள்வி பதில்: மூன்று நாளில் பனாமா சிட்டி

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு நியூயார்க்கில் உறவினர் வீட்டுக்குப் போகிறோம். கடைசி மூன்று நாள் பனாமா சிட்டியைப் பார்த்துவிட்டுச் சிங்கப்பூர் திரும்ப எண்ணம். முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், ஈசூன்

பதில்: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை. ஹோட்டல், டிக்கெட் எல்லாம் அப்புறம். இந்த ஊசி பனாமாவுக்குள் நுழைவதற்காக அல்ல, சாங்கியில் இறங்குவதற்காக. மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் சிங்கப்பூர் பனாமாவையும் வைத்திருக்கிறது. திரும்புவதற்கு முந்தைய 6 நாட்களுக்குள் அங்கே இருந்தவர்கள், ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகள் உட்பட, தடுப்பூசிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இல்லையென்றால் தனிமைப்படுத்தலாம். பனாமா சிட்டியில் நோய் அபாயம் குறைவு, காடு அடர்ந்த கிழக்குப் பகுதியில்தான் அதிகம். ஆனால் விதி நாடு முழுவதற்கும் பொருந்தும்.

ஊசி போட்ட 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லும். அதன் பிறகு ஆயுளுக்கும் போதும். எல்லா மருந்தகத்திலும் போட மாட்டார்கள், அதற்கென அங்கீகரிக்கப்பட்ட இடங்கள் உண்டு. உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திச் செய்த மருந்து இது. அதனால் 60 வயதைக் கடந்தவர்கள், முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். பனாமாவை முதலில் முடித்துவிட்டு, ஒரு வாரத்துக்கு மேல் நியூயார்க்கில் தங்கிவிட்டு வந்தால் அந்த 6 நாள் கணக்கில் பனாமா வராது.

தேதியையும் பாருங்கள். பனாமாவில் மழை டிசம்பர் நடுப்பகுதியில்தான் ஓயும். அக்டோபரும் நவம்பரும் கொட்டித் தீர்க்கும். டிசம்பர் 15க்குப் பிறகு போவது நல்லது. கிறிஸ்துமஸ் நெருங்கினால் அறை வாடகை கூடும், அது வேறு விஷயம்.

கேள்வி: இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசி நான். அமெரிக்காவில் விமானம் மட்டும் மாறுவேன், வெளியே போகமாட்டேன். விசா தேவையா?
– வாசகி, தெம்பனிஸ்

பதில்: தேவை. அமெரிக்க விமான நிலையங்களில் குடிநுழைவைக் கடக்காமல் விமானம் மாற முடியாது. சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு எஸ்டா என்னும் இணைய அனுமதி போதும். உங்களுக்கு விசா வேண்டும், நேர்காணல் தேதி கிடைக்கவே நாளாகலாம். முதலில் இறங்கும் அமெரிக்க நகரில் பெட்டியை எடுத்து, சுங்கத்தைத் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும். இடையில் மூன்று மணி நேரமாவது இல்லாத டிக்கெட்டை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், வாங்காதீர்கள்.

அமெரிக்காவே வேண்டாம் என்றால் ஆம்ஸ்டர்டம் வழி போகலாம். பயண நேரம் கூடும். சில ஐரோப்பிய நாடுகள் விமானம் மாறுவதற்கே இந்தியர்களிடம் விசா கேட்கும் என்பதால் எந்த ஊரில் மாறுகிறீர்கள் என்பது முக்கியம். பனாமா விசாவைத் தூதரகத்தில் கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள். சிங்கப்பூரர்களுக்கு அங்கே விசா தேவையில்லை.

கேள்வி: பனாமா கால்வாயில் கப்பல் போவதைக் கண்ணெதிரே பார்க்க எங்கே, எப்போது போக வேண்டும்?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: மிராஃப்லோரஸ் மதகு. கப்பலைத் தொட்டிக்குள் நிறுத்தி, நீர்மட்டத்தைக் கூட்டியோ குறைத்தோ மேலே ஏற்றும், கீழே இறக்கும் இடம் அது. நகரிலிருந்து வாடகைக் காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. காலை 11க்குள் போங்கள், அல்லது மாலை 3க்குப் பிறகு. நடுப்பகலில் போகிறவர்கள் பெரும்பாலும் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவார்கள். மலையை வெட்டி அமைத்த குலெப்ரா என்ற குறுகிய பகுதியில் மிகப் பெரிய கப்பல்கள் எதிரெதிரே கடக்க முடியாது. அதனால் காலையில் பசிபிக்கிலிருந்து ஏறுபவை மிராஃப்லோரஸைத் தாண்டி உள்ளே போய்விடும். அட்லாண்டிக்கில் கிளம்பியவை இங்கே வந்து இறங்க மாலையாகிவிடும்.

தொட்டியின் அகலம் 33.5 மீட்டர். அதில் நுழையும் பெரிய கப்பல் 32.3 மீட்டர். பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர்தான் இடைவெளி! கப்பல் சுவரில் உரசாமல் இருக்க இரு கரையிலும் ‘முலா’ எனும் மின்சார இழுவை வண்டிகள் கம்பியை இழுத்தும் தளர்த்தியும் கூடவே ஊர்ந்து வரும். தண்ணீரை ஏற்ற பம்பு கிடையாது. கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்திலுள்ள காட்டுன் ஏரியிலிருந்து நீர் தானாக இறங்கி வருகிறது. மழை பொய்த்த 2023இல் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைத்தது அதனால்தான்.

பாசிர் பாஞ்சாங்கில் பார்க்கும் ராட்சதக் கொள்கலன் கப்பல்களை இங்கே தேடினால் ஏமாற்றம்தான். அவற்றில் கால்வாய்க்குள் அடங்குபவை 2016இல் திறந்த புதிய மதகுகள் வழியாகப் போகின்றன. அருகில் பார்க்க அட்லாண்டிக் பக்கம் அகுவா கிளாராவுக்குப் போக வேண்டும். அதற்கே அரை நாள் பிடிக்கும். மூன்று நாள் பயணத்தில் நான் அதைச் சேர்க்க மாட்டேன்.

மற்ற நாட்களில் ஒரு காலையைப் பனாமா வியேஹோவுக்குக் கொடுங்கள். 1519இல் ஸ்பானியர் கட்டி, 1671இல் ஹென்றி மோர்கனின் தாக்குதலில் எரிந்துபோன பழைய நகரம் அது. மாலையில் அதற்குப் பதிலாகக் கட்டிய காஸ்கோ வியேஹோவில் நடக்கலாம். ஒட்டியுள்ள, பாதுகாப்புக் குறைவான எல் சோரியோ பக்கம் மட்டும் காலாற நடந்து போய்விடாதீர்கள்.

கேள்வி: பணம், சாப்பாடு, பிளக்?
– வாசகி, ஜூரோங்

பதில்: அமெரிக்க டாலர் தாளே புழக்கம், உள்ளூர் பால்போவா நாணயமாக மட்டும் வரும், மதிப்பு ஒன்றே. சிங்கப்பூர் வெள்ளியை அங்கே மாற்றலாம் என்று எண்ண வேண்டாம். இங்கேயே 20 டாலரும் அதற்குக் கீழும் உள்ள தாள்களாக வாங்குங்கள். 50, 100 தாள்களைக் கடைகள் மறுப்பதுண்டு. மிஞ்சும் பால்போவாவை அங்கேயே செலவழித்துவிடுங்கள், வெளியே செல்லாது.

சைவமென்றால் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வரும். கோழி, மீன், பன்றி என்று தனித்தனியாக மறுக்க வேண்டும். அவரையிலும் பயறிலும் பன்றித் துண்டு கிடக்கலாம். வாழைக்காயைத் தட்டிப் பொரிக்கும் பட்டகோன் பெரும்பாலும் பயமில்லாதது.

மின்சாரம் 110 வோல்ட், தட்டையான அமெரிக்க பிளக். கைப்பேசி சார்ஜருக்கு அடாப்டர் போதும். இங்கிருந்து சின்ன ரைஸ் குக்கரைக் கொண்டு போகும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். மின்னழுத்தம் பாதியானால் சூடு கால்வாசிதான். அரிசி ஊறும், வேகாது.